தாம்பாளத்தில் இரண்டு அலங்காரம்

ஸ்ட்ரெதம், லண்டன்
15-11-1992

அன்பும் மதிப்பும் மிக்க தவமக்கா அறிய எழுதுவது,

நான் நல்ல சுகமாக இருக்கிறேன். நடுத்தெருவில் குளிரில் விறைத்துக்கொண்டு நிற்கவில்லை. இதை முதலிலேயே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் கடிதத்தை வாசித்தால் நான் ஏதோ பிச்சைக்குப் போய்விட்ட மாதிரி இருக்கிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி? வெள்ளவத்தை வீட்டில் மாடிப்படி ஏறி இறங்குவதைக் குறையுங்கள் என்று போன வருடமே எழுதினேன். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். பிடிவாதம் எனக்கு மட்டுமா இருக்கிறது?

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. வாசித்தேன், திரும்பவும் வாசித்தேன், பிறகு அழுதேன். கவலையில் அல்ல, கோபத்தில். இந்த வயதில் வீட்டை விட்டு வெளிக்கிட்டு எங்கள் மானத்தைக் காற்றில் விட்டாய் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹரோவுக்குப் போய்த் தம்பியிடம் மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் எனக்கு இனிக் கடிதம் போடாதே என்று முடித்திருக்கிறீர்கள். தம்பி ரெலிபோனில் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு எழுதிய தீர்ப்பு அது. இனி என் பக்கத்தையும் கேளுங்கள். கேட்டபிறகும் திட்ட வேண்டும் போல் இருந்தால் வடிவாகத் திட்டுங்கள்.

நான் இங்கே வந்த நாள் தொடக்கம் தம்பியின் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தது நான். யாழ்ப்பாணத்தில் அத்தனை வருடம் சித்திர ரீச்சராக இருந்தவள் ஹரோவில் சமையலும் சலவையுமாக இருந்தேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகளை விருப்பத்தோடுதான் பார்த்தேன். இப்போது பெரியவளுக்குப் பதின்மூன்று, சின்னவனுக்குப் பத்து. அவர்கள் பள்ளிக்கூடம் போய்விட்டால் வீட்டில் நானும் பிரிட்ஜும்தான். பிரிட்ஜாவது இடைக்கிடை சத்தம் போடும்.

அப்படி ஒரு நாள் மெட்ரோபொலிட்டன் லைனில் ஏறி, வழியில் மாறி, சவுத் கென்சிங்டனில் இருக்கிற பெரிய மியூசியத்துக்குப் போனேன். அங்கே பழைய அச்சுப் படங்கள் வைத்திருக்கிற அறை ஒன்று உண்டு. யாரும் போகலாம். கையைக் கழுவ வேண்டும், பேனை எடுக்கக் கூடாது, பென்சில் மட்டும். எது வேண்டும் என்று சொன்னால் பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, ஆறுதலாகப் பாருங்கள் மேடம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஹரோவில் என்னை யாரும் ஆறுதலாக ஒன்றைப் பார்க்கச் சொன்னதில்லை, அடுப்பில் பாலைத் தவிர. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் போகத் தொடங்கினேன்.

முதல் நாள் பூப்படங்கள் கேட்டேன். வந்த பெட்டியில் பூ இருந்தது, ஆனால் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில். இருநூறு முன்னூறு வருடத்துக்கு முந்திய பிரெஞ்சுப் படங்கள், அக்கா. செப்புத் தகட்டில் கீறி, மை பூசி, தாளில் அழுத்தி எடுத்தவை. வெள்ளி வேலை செய்கிறவர்கள் பார்த்துச் செய்வதற்காக அச்சடித்து விற்றிருக்கிறார்கள். சூப் சட்டி, உப்புக் கிண்ணம், மெழுகுதிரித் தண்டு, கரண்டிப் பிடி என்று ஒரு சாப்பாட்டு மேசைக்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் அலங்காரம். சுருண்டு சுருண்டு போகிற இலை, இலைக்குள்ளே இருந்து எட்டிப் பார்க்கிற முகம், சங்கு, திராட்சைக் குலை. சிலதைப் பார்த்தால் எங்கள் கோயில் தேரில் செதுக்கியிருக்கிற கொடிக்கருக்கேதான். அவர்களுடைய அரசன் சண்டைச் செலவுக்கென்று வெள்ளிச் சாமான்களை உருக்குவித்தானாம். தட்டுகள் போய்விட்டன, தாளில் கீறியது மிஞ்சியிருக்கிறது என்று அந்த அறையில் வேலை செய்கிற அம்மா சொன்னா. எங்கள் வீட்டில் ஷெல் விழுந்தபோது என் படங்கள்தான் முதலில் எரிந்தன என்று நான் அவவுக்குச் சொல்லவில்லை. சொல்ல இங்கிலீஷ் வரவில்லை.

மதச் சண்டையில் அடிபட்டு ஓடிவந்த பிரெஞ்சு வெள்ளி வேலைக்காரர் பலர் இதே லண்டனில்தான் குடியேறி, இந்த அலங்காரங்களை ஆங்கிலேயரின் தட்டுகளுக்குப் போட்டுக் கொடுத்தார்களாம். இதைச் சாப்பாட்டு நேரம் சொன்னேன். அந்தக் காலத்து அகதிகள் என்றேன். தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. தான் ஸ்ருடன்ற் விசாவில் வந்தவன், அகதி இல்லையாம். உன்னை யாரடா சொன்னது என்றேன். அவன் மனைவி வசந்தமலரே சிரிப்பை அடக்க மாட்டாமல் தண்ணீர் எடுக்க எழும்பிப் போனா.

இனி எழுதுவதைக் கவனமாக வாசியுங்கள், சண்டை முழுக்க இதிலிருந்துதான் வந்தது. அந்தப் படங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தட்டைக் கீறினால் முழுத் தட்டுக்கும் ஒரே அலங்காரத்தைப் போடாமல், இடது பாதியில் ஒன்றும் வலது பாதியில் வேறொன்றுமாகக் கீறிவிடுவார்கள். ஒரு தாளில் இரண்டு யோசனை. வாங்க வருகிறவர் ஒரு பாதியைக் காட்டி இதுதான் வேண்டும் என்றால், வேலைக்காரர் அதையே மற்றப் பாதிக்கும் திருப்பிப் போட்டு முழுதாக்குவார். எல்லாப் படமும் இப்படி இல்லை, ஆனால் நிறைய உண்டு. எனக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது.

தம்பி ஹரோவில் புது வீடு வாங்கி ஆனியில் குடிபூரல் வைத்தது உங்களுக்குத் தெரியும். பலகாரமும் வெற்றிலையும் வைக்க ஒரு பெரிய வெள்ளித் தாம்பாளம் செய்விக்க வேண்டும் என்று மாசியிலேயே தொடங்கிவிட்டான். தன் ஒபீஸ் பெரியவர் வீட்டு விருந்தில் பழைய பிரெஞ்சு வேலைப்பாட்டோடு ஒரு வெள்ளித் தட்டுக் கண்டானாம், அது மாதிரி வேண்டுமாம். மியூசியத்தில் போய் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்தானே சின்னக்கா, ஒன்று கீறித் தாங்கோ என்று கேட்டான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வீட்டில் என்னிடம் சோறு கறி தவிர வேறொன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் அந்தப் பழைய வழக்கப்படியே கீறினேன். இடது பாதியில் பிரெஞ்சுக் கொடியும் முகமும், வலது பாதியில் எங்கள் தாமரையும் அன்னமும். ஒருவேளை வசந்தமலருக்கு எங்களுடையது பிடித்திருந்தால் என்று நினைத்தேன். இரண்டு பேரும் பார்த்து ஒரு பாதியைச் சொல்லுங்கள், அதை முழுதாக்கித் தருகிறேன் என்று தம்பியிடம் விளங்கப்படுத்திக் கொடுத்தேன். அவன் டீவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்று தலையாட்டினான். வசந்தமலருக்கு அதைக் காட்டவே இல்லை. சுருட்டிக்கொண்டு போய்க் கிளார்க்கன்வெல்லில் உள்ள வெள்ளிப் பட்டறையில் கொடுத்துவிட்டான். இரண்டு பாதியும் வேறு வேறாக இருக்கிறதே, இப்படியேதான் வேண்டுமா என்று பட்டறைக்காரர் கேட்டிருக்கிறார். இப்படியேதான், என் அக்கா சித்திர ரீச்சர், அவ கீறினால் பிழை வராது என்று தம்பி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறான். இதெல்லாம் நான் பிறகு அறிந்தது. தாளை விரித்து ஒருமுறை பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. செய்து வந்த தாம்பாளத்தையும் சுற்றியிருந்தபடியே வைத்துவிட்டான்.

குடிபூரல் அன்று வீடு நிறையச் சனம். கோயில் சபையில் தம்பியோடு இருக்கிற டொக்டர் தியாகராஜாவைக் கொண்டு தாம்பாளத்தின் மேல் மூடியிருந்த பட்டுத் துணியை எடுப்பித்தார்கள். பார்த்தால் ஒரு பக்கம் பிரெஞ்சு, மறுபக்கம் தாமரை, நடுவில் தம்பியின் பெயர். டொக்டர் பகிடியாகத்தான் சொன்னார், பாலேந்திரா பாதி வெள்ளைக்காரனாகிவிட்டான், மற்றப் பாதிக்கு இன்னும் விசா கிடைக்கவில்லை என்று. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. தம்பிக்கு முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னான்:

“சின்னக்காவுக்கு இப்ப கண்ணும் சரியில்லை, வயசும் போட்டுது. ஏலாத வேலைக்கு ஆசைப்பட்டுப் பழுதாக்கிப் போட்டா.”

நான் வடைத் தட்டோடு நின்றேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். சபையில் வாய் திறக்கக் கூடாது என்று அம்மா எங்களை வளர்த்ததும் ஞாபகம் வந்தது. தட்டை மேசையில் வைத்தேன்.

“ஒரு பாதியைப் பாத்துச் சொல்லு எண்டுதான் தந்தனான். நீ பாக்கேல்லை, தம்பி.”

அவ்வளவுதான் சொன்னேன். சின்னக்கா சபையில் என் மானத்தை வாங்கினா என்று அவன் உங்களுக்குச் சொன்னது இந்த இரண்டு வசனத்தைத்தான். அதற்கு முதல் அவன் சொன்ன வசனத்தை உங்களுக்குச் சொன்னானா?

அதற்குப் பிறகு தாம்பாளம் பழைய சீலையில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. தம்பி என்னோடு கதைப்பதைக் குறைத்துவிட்டான். எனக்கும் மனம் கேட்கவில்லை. நான் தூக்கி வளர்த்த பிள்ளைதானே. ஒரு பாதியை அழித்து மற்றதைப் போல் ஆக்க முடியுமா என்று கேட்பதற்காகப் புரட்டாதியில் ஒரு நாள் அந்தப் பட்டறையை நானே தேடிப் போனேன். சண்டையை முடிக்கத்தான் போனேன், அக்கா.

பட்டறைக்காரர் பெயர் மிஸ்டர் வில்கின்ஸ், நரைத்த மீசைக்காரர். நான் யார் என்று சொன்னதும் எழும்பிக் கைகொடுத்து, கண் வருத்தம் இப்போது எப்படி என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தாம்பாளம் முடிந்த கிழமையே, குடிபூரலுக்கு முதலே, அவர் எங்கள் ஹரோ வீட்டுக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறார். பழைய பிரெஞ்சு அலங்காரத்தில் சாப்பாட்டுச் சாமான்கள் கேட்டு ஆட்கள் வருகிறார்களாம். அந்தப் படங்களைப் பார்த்துப் புதிதாகக் கீற ஒருவர் வேண்டும், கிழமையில் மூன்று நாள் வர ஏலுமா என்று என்னைக் கேட்கத்தான் எடுத்திருக்கிறார். எடுத்துக் கதைத்தது தம்பி. அக்காவுக்குக் கண்ணில் வருத்தம், அவ வெளியில் வேலைக்குப் போகிற ஆளும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான். கோடையில் அவர் மீண்டும் எடுத்திருக்கிறார். திரும்பவும் அதே மறுமொழி. எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. நான் அடுத்த அறையில் அவனுடைய சேட்டுகளை அயன் பண்ணிக்கொண்டு இருந்திருப்பேன்.

தாம்பாளத்தைப் பற்றிக் கேட்கவே மறந்துபோனேன். அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றார். அப்படியானால் திங்கட்கிழமை வருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து தம்பியைக் கேட்டேன். முதலில் மறந்துபோனேன் என்றான். இரண்டு தரமும் மறந்தாயா என்றேன். பிறகுதான் உள்ளே இருந்தது வந்தது.

“உங்களுக்கு இஞ்ச என்ன குறை? பாலேந்திரா தமக்கையை இந்த வயசில வேலைக்கு அனுப்பிறான் எண்டு சனம் கதைக்காதோ?”

“குறை எண்டு நான் சொன்னனானோ? அந்தாள் கேட்டது என்னை. மறுமொழி சொல்ல நீ ஆர்?”

இதைச் சொன்னது உண்மை. மறைக்கவில்லை. திரும்பவும் சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன். வேலைக்குப் போவதென்றால் இந்த வீட்டிலிருந்து போக ஏலாது என்று சொன்னது அவன்தான். கோபத்தில்தான் சொன்னான். ஆறின பிறகு மாற்றியும் சொல்லியிருப்பான். நான் அவனுக்கு ஆறும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை.

வசந்தமலரைப் பற்றிக் குறையாக ஒன்றும் எழுதாதீர்கள். மச்சாள்மார் சண்டை என்று நீங்கள் நினைத்திருப்பது முழுப் பிழை. என் பெட்டிக்குள் புதுப் போர்வையை மடித்து வைத்தது அவதான். நீங்கள் போங்கோ மச்சாள், நான் சமாளிக்கிறன் என்று சொன்னதும் அவதான். இப்போது வேலையும் வீடுமாக ஓடித் திரிகிறா, பாவம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் பெரியவள் எனக்கு ரெலிபோன் எடுப்பாள். அப்பா தேத்தண்ணீர் போடப் பழகிவிட்டார், ஆனால் சீனி எங்கே இருக்கிறது என்று இன்னும் கேட்கிறார் என்றாள். கட்டிலுக்குக் கீழே இருந்த தாம்பாளத்தை வசந்தமலர் எடுத்து மினுக்கி, வருகிறவர்களுக்கு அதில்தான் கேக் கொடுக்கிறாவாம். இரண்டு பக்கமும் வடிவாகத்தான் இருக்குது என்று என்னிடம் சொன்னா. தம்பியிடமும் சொன்னாவோ தெரியாது.

கண்டவர்கள் வீட்டில் போய்க் கிடக்கிறாய் என்று எழுதியிருக்கிறீர்கள். றோஸ்மலர் கண்டவள் இல்லை. குருநகர்ப் பிள்ளை, என்னிடம் படித்தவள், இங்கே பெரிய நேர்ஸ். மேல் அறை சும்மாதானே கிடக்குது, வாங்கோ ரீச்சர் என்றாள். பெட்டியோடு போய் நின்றபோது தேத்தண்ணீர் தந்தாள், ஒரு கேள்வி கேட்கவில்லை. சொந்தத் தமக்கை என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் தீர்ப்பு எழுதியிருக்கிறா. கண்டவர்கள் என்ற அந்தச் சொல்லை இன்னொரு முறை எழுதாதீர்கள், அக்கா. எனக்குத் தாங்காது.

வேலை கடினம்தான். முதல் கிழமை என் கோடுகள் மிகவும் நெருக்கம், வெள்ளியில் வெட்ட ஏலாது என்று மூன்று தாளைத் திருப்பித் தந்தார்கள். போன கிழமை ஒரு சூப் சட்டி மூடிக்கு வேலை வந்தது. பிரெஞ்சுப் படங்களில் மூடியின் மேலே நண்டு, மீன், மரக்கறி எல்லாம் குவித்து வைத்திருப்பார்கள். நண்டைப் பார்த்துக் கீறினால் நல்லது என்று மீன்கடையில் ஒன்று வாங்கிவந்து, ஜன்னலோரம் வைத்து, எல்லாப் பக்கமும் கீறி முடித்தேன். பிறகு றோஸ்மலர் அதற்கு முருங்கையிலை போட்டுக் குழம்பு வைத்தாள். படம் மிஸ்டர் வில்கின்சுக்குப் பிடித்துவிட்டது. குழம்பு எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்தது.

இனி நிமலனின் விஷயம். நீங்கள் உங்கள் மகனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அவன்தான் என்று எனக்குத் தெரியும். ஆமிக்காரரின் ஒவ்வொரு சுற்றிவளைப்புக்கும் உங்களுக்கு நெஞ்சு பதைக்கிறது, அவனை எப்படியாவது வெளிநாட்டுக்கு எடுக்க வேண்டும், இங்கே பொறுப்பு நின்று கையெழுத்து வைக்கத் தம்பிதான் இருக்கிறான். என்னால் அது குழம்பிவிடும் என்று பயப்படுகிறீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் பயப்படுவேன். ஆனால் தம்பி வீம்பு பிடித்தவனே தவிரக் கெட்டவன் இல்லை. நிமலனை அவன் மறிக்க மாட்டான். மறித்தால் அன்றைக்கு நான் ஹரோவுக்குப் போவேன். திரும்பி இருக்க அல்ல, அவனோடு சண்டை போட. இங்கே சட்ட உதவி நிலையத்திலும் போய் விசாரித்திருக்கிறேன், வேறு வழி உண்டா என்று பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். நிமலனுக்காக எந்த வாசலிலும் போய் நிற்பேன். ஆனால் என்னைத் திருப்பி அந்த வீட்டுக்குள் அனுப்பினால்தான் நிமலனுக்கு வழி பிறக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆகவே மன்னிப்பும் கேட்க மாட்டேன், ஹரோவுக்கும் போக மாட்டேன். கடிதம் போடாதே என்றீர்கள், போட்டுவிட்டேன். மாதா மாதம் இனியும் போடுவேன். வாசிக்காமல் அலுமாரிக்குள் வைத்தாலும் சரி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். புது விலாசத்தை ஐப்பசியிலேயே உங்களுக்கு அனுப்பினேன். தெரிந்தும் நீங்கள் உறையில் ‘மேற்பார்வை பாலேந்திரா’ என்று எழுதி ஹரோவுக்கே போட்டிருந்தீர்கள். வசந்தமலர்தான் அந்த விலாசத்தை வெட்டி இங்கே திருப்பிவிட்டா. நான் பிறந்ததிலிருந்து எனக்கு வந்த கடிதமெல்லாம் ஐயாவின் பெயரில் வந்தது, பிறகு உங்கள் வீட்டில் இருந்தபோது அத்தானின் பெயரில், பிறகு தம்பியின் பெயரில். இந்த மேல் அறைக்கு வருகிற கடிதத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கும். உங்கள் கோபம் ஆறாவிட்டால் உள்ளே ஒன்றும் எழுத வேண்டாம், வெறும் தாளை மடித்து வையுங்கள். உறையில் உங்கள் கையால் ‘செல்வி அருமைநாயகி’ என்று எழுதி, கீழே ஸ்ட்ரெதம் விலாசத்தைப் போட்டு ஒரு முறை அனுப்புங்கள். அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்ளுவேன். ஐயாவும் அம்மாவும் போன பிறகு என்னை ஆசீர்வதிக்க உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை, அக்கா.

தபாற்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் தங்கை
அருமைநாயகி